மனுவா, ஒப்பந்தமா? கமுந்திங் வட்டார அமைப்புகளும் மானிய விண்ணப்பமும்

பேராக்கின் கமுந்திங் வட்டாரத்தில் தமிழர் அமைப்பு என்று தேடினால் பெரிதாக எதுவும் கண்ணில் படாது. ஆலய நிர்வாகம், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், பள்ளி வாரியம், இளைஞர் மன்றம், வெள்ளிக்கிழமை தேவார வகுப்பு நடத்தும் மாதர் குழு, ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கூடாரமும் நாற்காலியும் கொண்டுவந்து இறக்கும் சகாய நிதி போன்றவைதான். எதிலும் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. செயலாளர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்ப்பவராக இருப்பார். பொருளாளர் ஓய்வு பெற்ற ஆசிரியராக அமைந்துவிட்டால் அது அந்தச் சங்கத்துக்கு நல்ல காலம். இவர்கள் முன்னால் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு மானிய விண்ணப்பப் பாரம் வந்து நிற்கிறது. பாரம் மலாயில் இருக்கும். இப்போதெல்லாம் பெரும்பாலும் இணையத்தில் இருக்கும். கடைசி நாளுக்கு மிக அருகில்தான் அதைப் பற்றிய தகவல் வாட்சாப்பில் வந்து சேரும்.

பணம் ஒதுக்கப்படுகிறது. தேவையும் கண்கூடு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இந்தப் பாரத்தை நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. ‘எவ்வளவு ஒதுக்கினார்கள், எங்கே போனது’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பாரத்தின் ஒவ்வொரு கட்டமும் என்ன கேட்கிறது, நம் அமைப்புகள் அதற்கு என்ன பதில் எழுதுகின்றன என்று பார்த்தால் சிக்கலின் வேர் ஓரளவு பிடிபடும். பாரம் ஓர் ஒப்பந்தத்தைத் தொடங்குகிறது. நாம் அதில் மனு எழுதுகிறோம். பணம் கொடுப்பவரும், பாரத்தை அச்சடித்துவிட்டு, மனு வாங்கும் பெரிய மனிதராகவே மேடையில் நிற்கிறார். இரு தரப்பும் பாதி வழியில் நிற்பதுதான் இந்த விவகாரத்தின் முதல் கோளாறு என்பது என் கணிப்பு.

மனு எழுதும் பழக்கத்துக்கு நம்மிடம் நீண்ட வரலாறு உண்டு. கமுந்திங் அடங்கிய லாருட் வட்டாரம் முதலில் ஈயத்துக்குப் பேர்போனது. கீ ஹின், ஹை சான் என்ற சீனக் கூட்டங்கள் மோதிக்கொண்ட காலத்தில் இன்றைய கமுந்திங் ‘கிளியான் பாரு’ என்ற சுரங்கக் குடியிருப்பாக இருந்தது. 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு ஆங்கிலேயர் ஆட்சி இங்கே காலூன்றியது. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னால் ரப்பர் வந்தது. ரப்பரோடு நம்மவர் பெருமளவில் வந்தனர். தோட்டத்தில் எழுத்து என்பது எழுத்தரான கிராணியின் சொத்து. ஊருக்குக் கடிதமா, துரைக்கு விண்ணப்பமா, எதுவானாலும் அவர் கை வழியாகத்தான் போகும். ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்ற நடை அங்கே பழகியது. துரைக்கு மனம் இருந்தால் கோயிலுக்குத் தகரம் வரும், திருவிழாவுக்கு லாரி வரும். கொடுத்ததற்கு அவர் கணக்கு கேட்டதில்லை. கொடுக்காவிட்டால் காரணம் கேட்கும் உரிமையும் தொழிலாளிக்கு இருந்ததில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த இடத்துக்கு அரசியல் கட்சியின் கிளைத் தலைவர் வந்தார். மனு அவரிடம் போய், அவரிடமிருந்து மாநிலத் தலைவருக்கும் அமைச்சருக்கும் ஏறியது. பதிலாக ஒரு காசோலை, ஒரு மாலை, பத்திரிகையில் ஒரு படம். இந்த முறை முழுக்கக் கெட்டது என்று தள்ளிவிட மனம் வரவில்லை. பல தமிழ்ப்பள்ளிகளின் கூரை இப்படித்தான் வேயப்பட்டது. ஆனால் இந்த முறையில் வளர்ந்த அமைப்புக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியும், எதை எழுதிவைக்க வேண்டும் என்று தெரியாது.

நமக்கு வேறொரு மரபும் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1950களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டுத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் தொடங்கியபோது, சாதாரணத் தொழிலாளர்கள் தலைக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். 1960இல் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலம் அது. பால்வெட்டுத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதன்பின் இன்னும் பல. அங்கே பணம் போட்டவருக்குப் பங்குச் சீட்டு, ஆண்டுக் கூட்டம், கணக்கறிக்கை எல்லாம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களை வைத்துக்கொண்டே அந்த ஒழுங்கு நடந்தது. ஆகவே ‘நம் சனத்துக்குக் கணக்கு வராது’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அதே சமூகம்தான் 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் முதலீட்டு நிறுவனத்தை நம்பி, நகையை அடகு வைத்தும் பணம் போட்டு, ஏமாந்து நொந்தது. சேர்ந்து பணம் போடுவோம் என்றாலே பெரியவர்கள் இன்றும் முகத்தைச் சுளிப்பதற்கு அந்தச் சூடு ஒரு காரணம்.

இன்றைய மானியப் பாரத்தின் கதைக்கும் கமுந்திங்குக்கும் நேரடித் தொடர்பே உண்டு. கமுந்திங் என்றதும் மலேசியத் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது தடுப்பு முகாம். 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் சாலைகளில் இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராப் பேரணி நடந்தது. டிசம்பர் 13ஆம் தேதி பி. உதயகுமார், எம். மனோகரன், ஆர். கெங்காதரன், வி. கணபதிராவ், டி. வசந்தகுமார் ஆகிய ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதாகி இங்கே கொண்டுவரப்பட்டனர். 2008 மார்ச் தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. பேராக் ஆட்சியும் கைமாறியது. மனோகரன் முகாமுக்குள் இருந்தபடியே சிலாங்கூரின் கோத்தா ஆலம் ஷா தொகுதியில் வென்றார். கடைசி மூவர் 2009 மே மாதம் விடுதலையானார்கள்.

அதற்குப் பிறகுதான் இந்தியர்களுக்கென்று தனிப் பிரிவுகளும் தனி ஒதுக்கீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2014இல் பிரதமர் துறையின் கீழ் செடிக் என்ற பிரிவு அமைந்தது. 2017 ஏப்ரலில் மலேசிய இந்தியர் பெருந்திட்டம் வெளியிடப்பட்டது. 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பின், உதயகுமாரின் தம்பி பி. வேதமூர்த்தி ஒருமைப்பாட்டு அமைச்சரானபோது செடிக் பெயர் மாறி மித்ரா ஆனது. ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் என்ற தொகை அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்று கமுந்திங்கில் ஒரு செயலாளர் நிரப்பும் பாரத்தின் பின்னால், அவர் ஊரிலேயே அடைக்கப்பட்டிருந்தவர்களின் அரசியல் இருக்கிறது. உரிமையென்று கேட்டு வாங்கிய பணத்தை, கருணையென்று எழுதிக் கேட்கும் முரண் இங்கிருந்துதான் என் கண்ணை உறுத்துகிறது.

மித்ரா மட்டுமே வாசல் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. வழிபாட்டுத் தலங்களுக்கு வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் நிதி உண்டு. மாநில அரசின் ஒதுக்கீடு ஈப்போ வழியாக வரும். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் தொகுதி நிதி சிறு தொகைகளுக்கு உதவும். கஜானா நேஷனல் 2015இல் உருவாக்கிய யாயாசான் ஹசானா போன்ற அறவாரியங்கள் தனியாக விண்ணப்பம் கேட்கின்றன. ஒவ்வொன்றின் பாரமும் வேறு. ஆனால் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே.

முதல் கட்டம், பதிவு எண். சுலபமாகத் தெரியும் இந்தக் கட்டத்திலேயே பலர் விழுகிறார்கள். ஆலயமும் சகாய நிதியும் 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகியிருக்க வேண்டும். இளைஞர் மன்றம் என்றால் 2007ஆம் ஆண்டின் இளைஞர் அமைப்புச் சட்டம், அதற்கு வேறு பதிவதிகாரி. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் கல்வித் துறையின் விதிகளுக்குள் வருபவை. அவர்களிடம் சங்கப் பதிவெண் கேட்டால் இருக்காது. மாதர் குழு பெரும்பாலும் எங்குமே பதிவாகியிராது. ஆலயத்தின் ஒரு பிரிவாகத்தான் அது இயங்கும். அப்படியானால் ஆலயத்தின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும், ஆலய நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் எழுத வேண்டும். இதைச் செய்யாமல் மாதர் குழுவின் பெயரிலேயே அனுப்பி, பணம் போட வங்கிக் கணக்கு இல்லை என்று திரும்பி வரும் பாரங்கள் நிறைய இருக்கும்.

பதிவு இருந்தால் மட்டும் போதாது, உயிரோடு இருக்க வேண்டும். ஆண்டுக் கூட்டம் நடத்திய 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். அதில் கூட்டக் குறிப்பு, பொறுப்பாளர் பட்டியல், வரவு செலவுக் கணக்கு எல்லாம் அடங்கும். இப்போது இணைய வழியாகவே அனுப்பலாம். ஆனால் இணையக் கணக்கின் கடவுச்சொல், மூன்று நிர்வாகத்துக்கு முந்தைய செயலாளரின் கைப்பேசியில் இருக்கும். அவரோ மருமகளோடு பினாங்குக்குக் குடிபோயிருப்பார். ‘தலைவரே, போன வருச மினிட் எங்க?’ என்று கேட்டால், ‘செயலாளர் வீட்டுல இருக்கும், தேடச் சொல்றேன்’ என்ற பதில் வராத சங்கம் அபூர்வம். தேர்தலில் தோற்ற அணி பழைய கோப்பைத் தராமல் இழுத்தடிப்பதும் நம் ஆலய அரசியலின் பழைய விளையாட்டு. மானியத்தின் கதி அந்தக் கோப்பில்தான் இருக்கிறது என்பது இழுப்பவருக்கும் தெரியும்.

இதை வைத்துத்தான் சொல்கிறேன்: மானிய விண்ணப்பம் பாரம் கைக்கு வரும் அன்று தொடங்குவதில்லை. முந்தைய ஆண்டு, கூட்டக் குறிப்பில் இருவர் கையெழுத்துப் போட்ட அன்றே அது தொடங்கிவிடுகிறது. அறிவிப்பு வந்தபின் இரண்டு வாரத்தில் பாரத்தை நிரப்பலாம். மூன்று ஆண்டுக் கணக்கை இரண்டு வாரத்தில் நிரப்ப முடியாது. அப்படி நிரப்பப்பட்ட கணக்கு யாருக்கும் பெருமை சேர்ப்பதில்லை.

நிலம் பற்றிய கட்டம் தனியாகப் பேச வேண்டியது. கட்டடப் பழுதுபார்ப்புக்கு மானியம் கேட்டால் நிலப்பட்டா யார் பெயரில் என்ற கேள்வி வரும். தோட்டத்தில் பிறந்த கோயிலுக்கும் பள்ளிக்கும் இது தீராத தலைவலி. கோயிலைத் தொழிலாளி கட்டினான், நிலம் கம்பெனியுடையது. தோட்டம் கைமாறி, செம்பனையாகி, வீடமைப்புத் திட்டமாகி, சனம் கமுந்திங், தைப்பிங் பக்கம் சிதறியபோது கோயில் மட்டும் பட்டாவில்லாமல் நின்றது. நாட்டிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகள் பேராக்கில்தான், 134. அவற்றில் பல இன்னும் பெயரில் ‘தோட்ட’ என்பதைச் சுமக்கின்றன. நிலம் அரசுக்குச் சொந்தமல்லாத பள்ளி ‘பகுதி உதவி பெறும் பள்ளி’ என்ற வகையில் நிற்கும். கட்டடச் செலவுக்கு வாரியம்தான் அலைய வேண்டும். இப்படிப்பட்ட அமைப்புக்கு என் யோசனை ஒன்றே: பட்டா விவகாரம் தீரும்வரை கல்லுக்கும் சிமெண்டுக்கும் விண்ணப்பிக்காதீர்கள். வகுப்பு, பயிற்சி, உணவு, கருவி என்று மனிதருக்குச் செலவாகும் திட்டத்துக்குக் கேளுங்கள். நிலக் கேள்வி அங்கே எழாது. நம்மவருக்கு இது பிடிக்காது என்பதும் தெரியும். கோபுரத்தில் உபயதாரர் பெயர் பொறிக்கலாம். டியூஷன் வகுப்பில் எங்கே பொறிப்பது?

அடுத்தது ‘கெர்த்தாஸ் கெர்ஜா’ என்று எல்லாரும் மலாய்ப் பெயரிலேயே சொல்லும் திட்ட அறிக்கை. நோக்கம், பயனடைவோர், செயல்பாடு, விளைவு, செலவு. இந்த வரிசை உலகம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் உண்டு. 1969இல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்காக வகுக்கப்பட்ட ஒரு திட்ட அட்டவணை, ஐ.நா. அமைப்புகள் வழியாகவும் ஐரோப்பிய நிதி நிறுவனங்கள் வழியாகவும் பரவி, கடைசியில் அமைச்சுப் பாரங்களின் கட்டங்களாகிவிட்டது. அணைக்கட்டுக்கும் சாலைக்கும் யோசித்த அட்டவணையில் நம் தேவார வகுப்பை அடைக்கிறோம். கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும். ஆனாலும் அது கேட்கும் அடிப்படைக் கேள்வி நியாயமானது: நீங்கள் செய்வதால் யாருக்கு என்ன மாறும்?

இந்தக் கேள்விக்கு மனு நடையில் பதில் எழுதினால் இப்படி வரும்: ‘எங்கள் வட்டாரத்தில் வசதி குறைந்த இந்திய மாணவர்கள் கல்வியில் பின்தங்கியுள்ளதால், தாங்கள் பரிவுகூர்ந்து எங்கள் சங்கத்துக்கு 30,000 ரிங்கிட் வழங்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மதிப்பிடுபவர் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லை. இதையே வேறு மாதிரி எழுதலாம்: ‘ஆலயத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களில் மலாய் வாசிப்பில் தடுமாறும் 40 பேரைப் பள்ளியின் உதவியோடு தேர்ந்தெடுத்திருக்கிறோம். பெற்றோரில் பெரும்பாலோர் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்ப்பவர்கள். மாலையில் வீட்டில் படிப்பைப் பார்க்க ஆள் இல்லை. வாரம் இரண்டு மாலை, 36 வாரம், ஆலய மண்டபத்தில் வகுப்பு நடக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வாசிப்புச் சோதனை வைத்து ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் பதிவு செய்வோம்.’ எடுத்துக்காட்டுக்காகத்தான் எழுதினேன். எண்கள் அவரவர் ஊருக்கு மாறும். இரண்டாவது பத்தியை எழுத இலக்கிய மலாய் தேவையில்லை. அந்த நாற்பது பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சோதனையை நாமே வைக்க வேண்டியிருப்பதற்கும் காரணம் இருக்கிறது. முன்பு டியூஷன் மானியத்தின் விளைவைச் சொல்வது எளிது: ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் எத்தனை ஏ. அந்தத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டு இடைநிலைப்பள்ளியின் பி.டி.3 தேர்வும் போனது. அதன்பின் தொடக்கப்பள்ளியில் வகுப்பறை மதிப்பீடும் ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவு நிலைகளும் முன்னுக்கு வந்தன. இன்னும் ‘தேர்வில் சிறந்த தேர்ச்சி’ என்று எழுதிவைக்கும் விண்ணப்பம், பழைய கோப்பைப் பார்த்து நகலெடுத்தது என்பதைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

செலவுப் பட்டியலில்தான் மனுவும் ஒப்பந்தமும் முகத்தோடு முகம் மோதும். மனுவில் தொகை முழு எண்ணாக வரும்: இருபதாயிரம், ஐம்பதாயிரம். ‘பாதியாவது கிடைக்கும்’ என்று இரட்டித்துக் கேட்பது சந்தைப் பேரம். மேலே சொன்ன வகுப்பையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஆசிரியர்கள், வாரம் தலைக்கு நான்கு மணி நேரம், 36 வாரம், மணிக்கு 40 வெள்ளி: 11,520. நாற்பது பிள்ளைகளுக்கு 72 மாலையும் சிற்றுண்டி, தலைக்கு இரண்டரை வெள்ளி: 7,200. பயிற்சிப் புத்தகமும் அச்சும் தலைக்கு 60 வெள்ளி: 2,400. கணக்குத் தணிக்கை, அறிக்கை, நகல் செலவு: 1,500. ஆக 22,620 வெள்ளி. ஒரு பிள்ளைக்கு 565 வெள்ளி ஐம்பது காசு. இந்தக் கடைசி எண்ணைப் பாரம் கேட்காது, இருந்தாலும் எழுதுங்கள். மதிப்பிடுபவர் அதை மனதுக்குள் போட்டுப் பார்ப்பார். நாமே போட்டுக் காட்டினால் நல்லது.

ஆலய மண்டபம் இலவசம்தானே என்று அதைக் கணக்கில் விட்டுவிடுகிறோம். 72 மாலைக்கும் வெளியில் மண்டபம் எடுத்தால் என்ன வாடகையோ அதை ‘சங்கத்தின் பங்களிப்பு’ என்று எழுத வேண்டும். மாலைக்கு 50 வெள்ளி என்றாலே 3,600. தொண்டர்களின் உழைப்பும் அப்படியே. தமிழ்நாட்டில் 1990களின் பிற்பகுதியில் வந்த ‘நமக்கு நாமே’ திட்டம், மக்கள் ஒரு பங்கைப் போட்டால் அரசு மீதியைப் போடும் என்ற அடிப்படையில் எழுந்தது. 1991இல் தொடங்கிய சிங்கப்பூரின் சிண்டா, இந்தியர்களின் மாதச் சம்பளத்தில் பிடிக்கும் சிறு தொகையோடு அரசு மானியத்தையும் சேர்த்து நடக்கிறது. தன் பங்கைக் காட்டிக் கேட்பவரின் குரல் தாழ்வதில்லை. நம் சங்கங்கள் தங்கள் பங்கை எந்நாளும் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. எழுதுவதில்லை, அதுதான் குறை.

தணிக்கைக்கும் அறிக்கைக்கும் போட்ட அந்த 1,500 வெள்ளி விஷயத்தில் குறை கொடுப்பவர் பக்கம். நிர்வாகச் செலவுக்குப் பணம் தர மாட்டோம் என்பது மானிய உலகில் ஒரு மூடநம்பிக்கைபோல் பரவியிருக்கிறது. இந்தியா 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக வெட்டியது. தணிக்கை செய்த கணக்கு வேண்டும், படத்தோடு அறிக்கை வேண்டும், மூன்று கடையின் விலைப்பட்டியல் வேண்டும் என்று கேட்பவர், அதற்கு ஆகும் செலவை மட்டும் பார்க்க மறுத்தால் அந்தப் பணம் செயலாளரின் சட்டைப்பையிலிருந்துதான் போகும். அல்லது, சிற்றுண்டிக் கணக்கில் ஒளிந்துகொள்ளும். நேர்மையான மனிதர்களைச் சின்னப் பொய்க்குப் பழக்கும் விதி இது.

பெரிய பொய்கள் வேறு இடத்தில் நடந்தன. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மித்ரா மானியங்கள் முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டதாக எழுந்த புகார்களை ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்தது. நிறுவனங்களையும் அமைப்புகளையும் சேர்ந்த சிலர் கைதாகினர். அதன்பின் மித்ரா ஒருமைப்பாட்டு அமைச்சுக்கும் பிரதமர் துறைக்கும் நடுவில் பந்தாடப்பட்டது; முதலில் ஆர். ரமணன், பின்னர் பி. பிரபாகரன் என்று சிறப்புக் குழுவின் தலைமையும் மாறியது. இந்த விவகாரத்திலிருந்து பொதுவாக எடுக்கப்பட்ட பாடம், பாரத்தைக் கடுமையாக்குவது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏமாற்ற வருபவருக்குப் பாரம் ஒரு தடையே அல்ல. அழகாகக் கெர்த்தாஸ் கெர்ஜா எழுத ஆள் வைத்திருப்பவர் அவர்தான். கூடுதலாகக் கேட்கப்படும் ஒவ்வொரு இணைப்பும், ஷிப்டு முடித்து இரவு பதினோரு மணிக்குக் கணினி முன் உட்காரும் கமுந்திங் செயலாளரைத்தான் வடிகட்டும். அங்கே நுழைபவர்தான் ‘பாரம் போட்டுத் தருகிறேன், கிடைத்தால் இத்தனை விழுக்காடு’ என்று பேசும் முகவர். பழைய கிராணியின் நாற்காலியில் இன்று இவர் உட்கார்ந்திருக்கிறார். கிராணியாவது தோட்டத்திலேயே குடியிருந்தார்.

கடுமை வேண்டிய இடம் பணம் போனபிறகு. வகுப்பு நடக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, சொல்லாமல் கொள்ளாமல் ஓர் அதிகாரி வந்து மண்டபத்தில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிவிட்டுப் போனால், இருபது பக்க இணைப்பு சொல்லாததை அது சொல்லும். பணத்தைத் தவணையாகப் பிரித்து, முதல் தவணைக்குக் கணக்கு வந்தபின் இரண்டாவதைக் கொடுக்கலாம். பிரிட்டனில் தேசிய லாட்டரி நிதியின் ‘அவார்ட்ஸ் பார் ஆல்’ திட்டம் 20,000 பவுண்டு வரையிலான சிறு மானியங்களுக்குச் சுருக்கமான விண்ணப்பத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அங்கே வலியுறுத்தப்படும் ஒரு விதியை நாமும் கவனிக்கலாம்: நிர்வாகக் குழுவில் ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவராவது இருக்க வேண்டும். மாமன் தலைவர், மச்சான் பொருளாளர் என்று ஓடும் குழுக்களுக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

விண்ணப்பம் எழுதுவதற்கே ஒரு விலை உண்டு என்பதையும் கொடுப்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்கக் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் 2023இல் திறந்த அழைப்பு விட்டபோது 6,353 அமைப்புகள் விண்ணப்பித்தன. 2024 மார்ச்சில் 361 அமைப்புகளுக்கு மொத்தம் 640 மில்லியன் டாலர் கிடைத்தது. நிபந்தனையில்லாத தாராளமான கொடைதான். ஆனாலும் மீதி ஆறாயிரம் அமைப்புகள் உட்கார்ந்து எழுதிய நேரம் யார் கணக்கில்? ஊழியர் உள்ள அமைப்புகள் அதைத் தாங்கும். தொண்டர்களால் ஓடும் சங்கம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டால் மூன்றாவது முறை பாரத்தைத் தொடாது.

இதற்கு மறு எல்லையில் நிற்பது, பாரத்தைப் பெயருக்கு வைத்து எல்லாருக்கும் ஒரே தொகை கொடுப்பது. மித்ரா 2025இல் அறிவித்த தர்மா மடானி திட்டத்தில் 1,000 ஆலயங்களுக்குத் தலா 20,000 ரிங்கிட். ஆலயங்கள் சமுதாய நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்பது எண்ணம். சிறிய ஆலயத்துக்கு இது நல்ல தொகை. முகவருக்கு இதில் வேலை குறைவு. பதிவு செய்யாத ஆலயத்தைப் பதிவை நோக்கித் தள்ளும் பலனும் உண்டு. ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கு ஆண்டு முழுக்க வகுப்பு நடத்தும் ஆலயமும் திருவிழாவோடு கதவைச் சாத்தும் ஆலயமும் இதில் ஒன்றாகிவிடுகின்றன. என் விருப்பம் இரண்டுக்கும் நடுவில்: சிறு தொகை, குறுகிய பாரம், ஆனால் மூன்று ஆண்டுக்குத் தொடர்ச்சி. முதல் ஆண்டு அறிக்கையே இரண்டாம் ஆண்டின் விண்ணப்பமாக அமைந்தால் ஆண்டுதோறும் புதிதாகக் கெஞ்ச வேண்டியதில்லை.

மேடைச் சடங்கையும் மாற்றலாம். ஆளுயரத்துக்கு மாதிரிக் காசோலை அச்சடித்து, பெறுபவரை வரிசையில் நிறுத்திப் படமெடுப்பது ஒப்பந்தத்துக்கு அடையாளமில்லை. அதே மேடையில் சென்ற ஆண்டு வாங்கியவர் பத்து நிமிடம் கணக்குச் சொல்லலாமே. நிராகரிக்கப்பட்டவருக்கு ஒரு வரியில் காரணமும் எழுதலாம்: ஆண்டறிக்கை நிலுவை, செலவுப் பட்டியல் தெளிவில்லை, நிதி தீர்ந்தது, எதுவானாலும். இப்போது பதிலே வராமல் போவதால் ‘ஆள் பிடிக்கவில்லை, அதனால்தான் கிடைக்கவில்லை’ என்ற ஊர்ப்பேச்சு நிலைக்கிறது. சில நேரம் அந்தப் பேச்சு சரியாகவும் இருந்துவிடுகிறது.

நம் பக்கம் செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கமுந்திங், தைப்பிங், மாத்தாங் சுற்றுவட்டாரத்தின் பன்னிரண்டு அமைப்புகள் மாதம் நூறு வெள்ளி போட்டால் 1,200 வெள்ளி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை செய்யும் ஒரு கணக்கெழுத்தரை அந்தப் பணத்தில் அமர்த்தலாம். பன்னிரண்டு சங்கத்தின் கூட்டக் குறிப்பு, ஆண்டறிக்கை, ரசீது, கடவுச்சொல் எல்லாம் அவரிடம் ஒரே அலமாரியில் இருக்கும். நிர்வாகம் மாறினாலும் கோப்பு வீடு மாறாது. நன்கொடையாளருக்கு வரிவிலக்கு தரும் 44(6) அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் அளவுக்கு ஒன்றிரண்டு அமைப்புகள் அதன்பின் தேறும். தொடக்கத்தில் மூன்று ஆண்டுக்கு இந்தச் சம்பளத்தை மித்ராவோ மாநில அரசோ ஏற்றால், 1,200 வீதம் ஆண்டுக்கு 14,400 வெள்ளி. தர்மா மடானியில் ஓர் ஆலயத்துக்குக் கொடுப்பதைவிட அது குறைவு. அடுத்த முறை பாரம் வரும்போது இந்தத் திட்டத்தையே முதலாவதாக எழுதி அனுப்பலாம். செலவுப் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்.